மாயக்கதைக்கு மதிப்புரை

பத்திரிகைக் காரியாலயங்களில் வெகுகாலமாக வழங்கிவரும் சம்பிரதாயம் ஒன்று உண்டு. மதிப்புரைக்கு அனுப்பப்படும் நூல் எதுவாயினும் இரண்டு பிரதிகள் வரவேண்டும். ஒன்று காரியாலயத்துக்கு, மற்றொன்று மதிப்புரை எழுதுகிறவனுக்கு. ஒரே பிரதி வந்தால், நூலின் பெயரும் விலையும் பிரசுரகர்த்தரின் விலாசமும் 'வரப்பெற்றோம்' என்ற தலைப்பின்கீழ் ஒற்றை வரியில் அடங்கிப்போகும். எழுபதுகளின் நடுவிலிருந்து என் வாசிப்பெல்லாம் அந்த இரண்டாம் பிரதிகளை நம்பியே நடந்து வந்திருக்கிறது. சன்மானம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. அந்தப் பிரதிதான் சன்மானம். சமூக நாவலுக்கும் கவிதைக்கும் ஆராய்ச்சி நூலுக்கும் எழுதச் சென்னையிலும் மதுரையிலும் பண்டிதர்கள் பலர் இருந்தமையால், அவர்கள் கையால் தொடவும் விரும்பாத பூதம், மந்திரவாதி, ஜின், பேசும் கிளி, பாதாள உலகம் ஆகியவை மலிந்த புத்தகங்களெல்லாம் தபாலில் நான் வசிக்கும் ஏர்வாடிக்கு வந்து சேர்ந்தன. "அந்த ஊர்க்காரருக்கு இதெல்லாம் பழக்கமாயிற்றே" என்று பத்திரிகை ஆசிரியர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னாராம். அவர் வேடிக்கைக்குச் சொன்னாலும், அதில் என் தொழிலின் சூட்சுமம் முழுவதும் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கிற்று.

சுல்தான் சையிது இப்ராகிம் ஷஹீது பாதுஷா அவர்கள் அடங்கியிருக்கும் தர்காவை நாடி, சித்தம் கலங்கிய தம் பிள்ளைகளையும் மனைவியரையும் தாய்மாரையும் அழைத்துக்கொண்டு, சாதி சமய பேதமின்றித் தென்னாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் ஜனங்கள் வந்து தங்கும் ஊர் இது. சந்தனக்கூடு உற்சவத்தின்போது பெருகும் கூட்டத்தை விட்டுவிட்டாலும், சாதாரண நாட்களிலேயே தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால் ஜின் என்றும் செய்வினை என்றும் கனவில் கிடைத்த உத்தரவு என்றும் பேச்சு நடந்துகொண்டிருக்கும். ஆகவே, எங்கள் ஊரில் ஒரு கதாசிரியன் "அப்போது திடீரென்று ஒரு ஜின் தோன்றியது" என்று எழுதிவிட்டு, வாசகன் வாய்பிளந்து நிற்பான் என்று எதிர்பார்ப்பானாகில், அவன் ஏமாந்து போவான். எதற்காக வந்தது, யாருடைய கட்டளைக்கு அடங்கும், எந்த எல்லையைத் தாண்டாது, போகும்போது என்ன பெற்றுக்கொண்டு போகும் என்று இங்கே கேட்பார்கள். அற்புதம் என்பது அவர்களுக்கு ஆச்சரியமன்று. நிபந்தனைகளோடு கூடிய ஒரு விவகாரம். மாயக்கதைகளை நிறுத்துப் பார்க்க இதைவிட நேர்த்தியான தராசு எனக்கு வேறெங்கும் அகப்படவில்லை.

இந்த ஞானம் எனக்குச் சிறுவயதில் பாட்டியாரிடமிருந்து கிடைத்தது. உம்மம்மா என்று நாங்கள் அழைத்த அந்த அம்மையார், விளக்கு வைத்த பிறகு யூசுபு நபி கிஸ்ஸாவும் சைத்தூன் கிஸ்ஸாவும் விறகுவெட்டியார் கிஸ்ஸாவும் ராகத்தோடு வாசிப்பார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வெற்றிலைத் தட்டோடு வந்து சுற்றி உட்காருவார்கள். சீறாப்புராணத்திலே மானுக்குப் பிணைநின்ற படலத்தின் கதையையும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேடன் வலையில் அகப்பட்ட பிணைமான், தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பிவர அவகாசம் கேட்க, நபிகள் நாயகம் அதற்குப் பிணையாக நிற்க, சொன்னபடி அது கன்றோடு திரும்பி வந்து நின்ற அந்த வரலாறு எங்களுக்கு விசுவாசத்தைச் சேர்ந்தது. அதைக் கற்பனைக் கதைகளோடு ஒரே மூட்டையில் கட்ட நான் ஒருநாளும் துணியேன். வேறு சமயத்தாரின் புராணங்களைக் குறித்தும் அப்படியே. ஆயினும், மான் பேசியதைவிட, அது கொடுத்த வாக்கைக் காத்ததே பெரிது என்று கேட்டு வளர்ந்த செவிக்கு, வாக்கும் வரம்பும் இல்லாத வெறும் வித்தை ருசிப்பதில்லை.

1947 ஜூலையில் தொடங்கிய 'அம்புலிமாமா' என்ற சிறுவர் பத்திரிகை எங்கள் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது. வேதாளத்தைத் தோளில் சுமந்துகொண்டு வாளும் கையுமாக நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த அந்தச் சித்திரத்தைப் பார்த்து வளராத தமிழ்ப் பிள்ளை எங்கள் தலைமுறையில் அபூர்வம். அந்தக் கதைத்தொடர் அத்தனை ஆண்டு நின்றதற்குக் காரணம் வேதாளமன்று, அது விதித்த நிபந்தனைதான் என்று நான் கருதுகிறேன். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சிதறும்; வாயைத் திறந்து சொன்னாலோ மௌனம் கலைந்து, வேதாளம் மறுபடி முருங்கைமரம் ஏறிவிடும். அறிவுடைய அரசன் தன் அறிவினாலேயே தோற்றுப்போகும் அந்தப் பொறி எவ்வளவு நுட்பமானது! 1972இல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட இரும்புக்கை மாயாவிக்கும் ஒரு விதி உண்டு: மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் மறையாது. கை மட்டும் வெளியே தெரிந்ததனால்தான் அது கதையாயிற்று. முழுவதும் மறைந்திருந்தால் யாருக்கு என்ன கவலை?

எனக்கு முதன்முதல் புத்தகம் அனுப்பிய பத்திரிகை ஆசிரியர், தமிழ் வித்துவானாகவும் கண்டிப்பான மனிதராகவும் இருந்தார். நான் எழுதியனுப்பிய கட்டுரையில் பாதிக்குமேல் கதைச் சுருக்கமாக இருந்தது கண்டு, அடுத்த தபாலில் ஒரு கார்டு எழுதினார்: "தம்பி, கதையைப் புத்தகம் வாங்குகிறவன் படித்துக்கொள்வான். அந்த உலகத்திலே என்ன சட்டம் நடக்கிறது, அதை அரசனும் அரக்கனும் ஒருபோலக் காத்தார்களா, அதை மட்டும் நீர் சொல்லும்." அந்தக் கார்டைப் பார்த்துப் பார்த்தே நான் தொழில் கற்றேன். கடைசி அத்தியாயத்தில், அதுவரை பேச்சே எழாத ஒரு மந்திரவாள் வந்து வில்லனைக் கொன்றுவிட்டால், அந்த நாவல் எத்தனை அழகான நடையில் எழுதப்பட்டிருந்தாலும், கடன்காரனை ஏமாற்றிய வியாபாரியின் கணக்குத்தான் அது என்று எழுதுவேன். நூலாசிரியர்கள் கோபித்துக் கொண்டார்கள். வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்திப் புகழ்வதும், அணிந்துரையில் அமரகாவியம் என்று எழுதுவதும் வழக்கமாகிவிட்ட இடத்தில், மதிப்புரைகாரன் ஒருவன் கணக்குக் கேட்டால் கோபம் வரத்தான் செய்யும்.

நான் பணியாற்றியது இந்தக் கரையோரத்துக் கிளை நூலகமொன்றில். அங்கே அலமாரிகள் இரண்டு வகை: சிறுவர் பகுதி ஒன்று, நாவல் பகுதி ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயதுவரை அம்புலிமாமாவும் வாண்டுமாமாவும் படித்த பெண்பிள்ளை, மறு ஆண்டே மாத நாவல்களுக்குத் தாவிவிடுவாள்; ஆண்பிள்ளையோ துப்பறியும் கதைக்குப் போவான், அல்லது படிப்பதையே விட்டுவிடுவான். அந்த இடைப்பருவத்தாருக்கு என்று நம்மவர் எழுதவில்லை. எழுதினாலும் அட்டையில் 'சிறுவர் நாவல்' என்று போட்டு, பதினைந்து வயதுப் பிள்ளை வெட்கப்பட்டுத் தொடாதபடி செய்துவிட்டார்கள். மேல்நாட்டிலும் இந்தப் பிரிவு ஆதியிலிருந்தே இருந்ததென்று எண்ணவேண்டாம். டோல்கின் எழுதிய 'ஹாபிட்' என்ற கதை 1936இல் கையெழுத்துப் பிரதியாகப் பிரசுரகர்த்தர் ஸ்டான்லி அன்வினிடம் வந்தபோது, அவர் அதைப் பத்து வயதான தம் மகன் ரெய்னரிடம் கொடுத்து, ஒரு ஷில்லிங் கூலியும் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று அந்தப் பையன் பெரியமனிதத் தோரணையில் எழுதிக்கொடுத்தான். மாயக்கதை மதிப்புரைகாரர்களில் கூலி வாங்கிய மட்டில் அவன் எனக்கு மூத்தவன்.

அந்தப் பையனைப் பின்பற்றி நானும் ஓர் உபாயம் கைக்கொண்டேன். இளையோருக்கென்று வந்த நாவலை, எழுதுவதற்கு முன்னால், நூலகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவேன். நன்றாயிருக்கிறதா என்று கேட்கமாட்டேன். கேட்டால் மரியாதைக்கு நன்றாயிருக்கிறது என்பார்கள். கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். எந்த இடத்தைத் தாவிச் சொல்கிறார்களோ, அந்த இடத்தில் ஆசிரியர் உபதேசம் செய்திருக்கிறார் என்று நிச்சயமாகக் கொள்ளலாம். ஒருநாள், எட்டாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமி, ஒரு நாவலைத் திருப்பிக் கொடுக்கும்போது, "மாமா, இந்தப் பிள்ளை எந்த மந்திரம் போட்டாலும் அவளுக்கு ஒன்னுமே ஆகலையே, அப்புறம் நான் எதுக்குப் பயப்படணும்?" என்று கேட்டாள். அந்த வாக்கியத்தை அப்படியே மதிப்புரையில் எடுத்தெழுதினேன். அதற்குமேல் எழுத என்னிடம் விசேஷமாக ஒன்றும் இருக்கவில்லை.

ஆங்கில நூல்கள் எனக்குத் தபாலில் வந்ததைவிடப் பக்கத்து ஊரான கீழக்கரையார் பெட்டிகளில் வந்ததே அதிகம். துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலைபார்த்த உறவினர்கள், விடுமுறைக்கு வரும்போது அத்தரோடும் ஜவுளியோடும் எனக்கு இரண்டொரு பழைய புத்தகங்களையும் கொண்டுவந்தார்கள். அப்படித்தான் அர்சுலா லெ குவின் எழுதிய 'எர்த்ஸீ' வரிசை எனக்குக் கிடைத்தது. பார்னஸஸ் என்ற சிறு பிரசுராலயத்தார், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கென்று ஒரு கதை கேட்டதன்பேரில் அவர் எழுதிய, அந்த வரிசையின் முதல் நாவல் 1968இல் வெளிவந்தது. கெட் என்ற இளைஞன், வித்யாகர்வத்தினால் தூண்டப்பட்டு, செய்யக்கூடாத மந்திரத்தைச் செய்து ஒரு நிழலை உலகில் இறக்கிவிடுகிறான். அது வந்த பிளவை மூடி அவனைக் காப்பாற்றக் கிழட்டுக் குலபதி தம் உயிரைக் கொடுக்கிறார். இருபத்திரண்டு ஆண்டு கழித்து, 1990இல், அதே உலகத்தை வைத்து அவர் எழுதிய 'தெஹானு' என்ற நாவலில், முன்பு குமரியாயிருந்த தெனார் விதவையாகிக் குடும்பப் பாரம் சுமக்கிறாள். கெட் மந்திரசக்தியெல்லாம் இழந்து அவள் வீட்டுக்கு வந்து சேர்கிறான். இருவருக்கும் நடுவில், தீயில் வெந்த முகத்தோடு ஒரு குழந்தை.

இந்த இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தபோதுதான், இளையோருக்கான மாயக்கதைக்கும் முதியோருக்கான மாயக்கதைக்கும் உள்ள பேதம் எனக்குத் தெளிவுபட்டது. ரத்தமும் சிருங்காரமும் வந்தால் முதியோருக்கு, பள்ளிக்கூடமும் தோழர்களும் வந்தால் இளையோருக்கு என்று பலர் பிரித்துவந்தார்கள், இப்போதும் பிரிக்கிறார்கள். என் அபிப்பிராயம் அதுவன்று. இளையோர் நாவலில் ஒருவன் தன் சக்தியை முதன்முதலாக உபயோகித்து, அதற்கு விலை உண்டு என்று அறிகிறான். முதியோர் நாவலில் அந்த விலை என்றோ கொடுக்கப்பட்டுவிட்டது, அல்லது கொடுக்கப்படாமல் நிலுவையில் நிற்கிறது. அதோடு எப்படி வாழ்வது என்பதே கேள்வி. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்து, முதியோருக்கென்று விற்கப்பட்ட தடித்த நாவல்கள் சிலவற்றைப் பிள்ளைகள் கையிலும், பிள்ளைகளுக்கென்று விற்கப்பட்ட ஒல்லிப் புத்தகங்கள் சிலவற்றைப் பெரியவர்கள் கையிலும் கொடுக்கும்படி நான் எழுதியதுண்டு.

பின்னர் ஹாரி பாட்டர் வந்தது. 1997இல் கெட்டி அட்டையில் ஐந்நூறு பிரதிகளே அச்சிடப்பட்ட அந்த முதல் நாவல், அடுத்த ஆண்டே, ரயிலில் உட்கார்ந்து படிக்கும் பெரியவர்கள் நாணாதபடி வேறொரு அட்டையோடும் வெளியாயிற்று. 2000 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, பெரியவர் பட்டியலில் இந்தப் பிள்ளைநூல்கள் இடத்தை அடைத்துக்கொண்டன என்பதனால் சிறுவர் நூல்களுக்கென்றே தனிப் பட்டியல் வகுத்தது. பி.எஸ்.வி. குமாரசாமியின் மொழிபெயர்ப்பில் 'ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்' தமிழில் வந்த பிறகு, எங்கள் நூலகத்தில் அந்தப் பிரதியின் முதுகு பிய்ந்து இரண்டு தடவை பைண்டு செய்யவேண்டியதாயிற்று. அதைத் தொடர்ந்து அனாதைச் சிறுவன், நெற்றியில் குறி, மாயப் பள்ளி என்ற சரக்கோடு தமிழிலும் அநேகப் போலிகள் வந்தன. அவற்றுக்கு மதிப்புரை எழுதிய காலம் என் தொழிலில் மிகச் சோர்வான காலம்; அதை விவரிப்பதில் பிரயோசனமில்லை.

விவரிக்க வேண்டியது மற்றொன்று. 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலத்தில், எங்கள் ஊரில், மனநோயாளரைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகமொன்றில் தீப்பற்றியதில், சங்கிலியால் பிணைக்கப்பட்டு ஓடமுடியாதிருந்த 28 பேர் மாண்டார்கள். உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டதும், அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டதும், அங்கிருந்தோர் அரசாங்கப் பராமரிப்புக்குக் கொண்டுபோகப்பட்டதும் நாடறிந்தவை. அதன்பிறகு சில மாதங்களில் ஒரு பெரிய மாயநாவல் மதிப்புரைக்கு வந்தது. சூனியக்காரியின் கோட்டைக்குள்ளே, சுவர்களில் சங்கிலியிட்ட பைத்தியக்காரர்கள் ஊளையிடுகிறார்கள். கதாநாயகன் அவர்களைக் கடந்து உள்ளே போகிறான். அவ்வளவுதான், அவர்களைப்பற்றி மறுபேச்சில்லை. மயிர்க்கூச்செறியச் செய்வதற்கான அலங்காரமாக மட்டும் அவர்கள் அங்கே கட்டப்பட்டிருந்தார்கள். அவர்களைக் கட்டியவர் யார், சாவி யாரிடம் இருக்கிறது, கோட்டை எரியும்போது அவர்கள் என்ன ஆனார்கள் என்ற மூன்று கேள்விகளை மட்டுமே மதிப்புரையாக எழுதினேன். ஏனெனில் அந்தக் கோட்டை கடைசியில் எரிகிறது. கதாநாயகன் குதிரைமேல் தப்பிவிடுகிறான். "கற்பனைக்குக்கூடவா தடை?" என்று கேட்டுப் பிரசுரகர்த்தரிடமிருந்து காரியாலயத்துக்குக் கடிதம் வந்தது. நான் தடை ஒன்றும் விதிக்கவில்லை. சங்கிலியைக் கதையில் கொண்டுவரலாம். கொண்டுவந்தவன் சாவியை மறந்துவிடக்கூடாது. இப்போது தர்காவுக்கு வருவோர் பிரார்த்தனையோடு மருந்தும் பெறுவதற்கு இங்கேயே ஏற்பாடு இருக்கிறது. ஜின் பிடித்தது என்று சொல்லப்பட்ட பெண்ணை அடித்துக் குணப்படுத்தும் காட்சியை மந்திரவாதியின் பெருமையாகக் காட்டும் நாவல்கள் இன்னமும் வருகின்றன. அவற்றை இளையோருக்குச் சிபாரிசு செய்வதில்லை என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

யதார்த்தவாதம் ஒன்றே இலக்கியம் என்று கொண்ட நம் விமர்சகர்கள், மாயம் என்றாலே முகத்தைச் சுளித்த காலம் ஒன்றிருந்தது. புதுமைப்பித்தன், கடவுளையே சென்னைக்கு அழைத்துவந்து, கந்தசாமிப் பிள்ளையின் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரராக்கப் பார்த்தாரே, அதை மட்டும் விதிவிலக்காக ஒப்புக்கொண்டார்கள். 1997இல் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்', இல்லாத ஒரு கோயில்நகரத்துக்குக் கோபுரமும் தரிசனங்களும் வாதசபையும் வீழ்ச்சியும் வகுத்துக்கொடுத்த பின்னர், முதியோருக்கான மிகுபுனைவு தமிழில் இயலாது என்று சொல்ல யாருக்கும் வாயில்லாமற்போயிற்று. அவரே பனிமலை மனிதனைத் தேடிச் செல்லும் 'பனிமனித'னைப் பிள்ளைகளுக்கு எழுதினார். கீழடி மண்ணைப் பின்புலமாகக் கொண்ட உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', இளையோர் நாவல் என்ற பெயரோடே வந்து, 2023இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்காரம் பெற்றது. என் நூலகத்தில் அன்று காலியாயிருந்த அந்த நடு அலமாரிக்கு இப்போது ஆள் வர ஆரம்பித்திருக்கிறார்கள்.

இனி, இத்தொழிலில் எனக்கு நேர்ந்த மிகப் பெரிய ஆனந்தத்தைச் சொல்லவேண்டும். அமெரிக்கப் பெண்மணி எஸ்.ஏ. சக்ரவர்த்தி எழுதி 2017இல் வெளிவந்த நாவல் ஒன்று என் கைக்கு வந்தது. கெய்ரோ நகரத்தில் பிழைக்கும் நஹ்ரி என்ற பெண் தற்செயலாக ஒரு ஜின்னை வரவழைத்து, ஜின்களின் பட்டணத்துக்குப் போய்ச்சேரும் கதை. ஆயிரத்தோர் இரவுகளிலே வரும் செப்புநகரத்தின் பெயரையே அவர் தலைப்பாக வைத்திருந்தார். சுலைமான் நபி ஜின்களை அடைத்து முத்திரையிட்ட குடங்களைத் தேடிப்போகும் அமீர் மூஸாவின் கூட்டத்தார், உயிரற்ற அந்த நகரத்துக்குள் புகுந்து, மாண்ட அரசியின் ஆபரணத்தில் ஒருவன் கைவைத்த மாத்திரத்தில் யந்திரக் காவலர் அவன் தலையைத் துண்டிக்கிறார்களே, அந்த நகரம். அந்தத் தலைப்பைப் பார்த்ததும் எனக்குப் பக்கத்து ஊர் நினைவு வந்தது. ஏனெனில், கீழக்கரையிலே அடங்கியிருக்கும் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்ற சையிது முகம்மது ஆலிம், 1858லேயே, இதே பெயரில், 'மதீனத்துன் நுஹாஸ்' என்று, அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் ஒரு கதை இயற்றியிருக்கிறார். 1979இல் அது 'தாமிரப் பட்டணம்' என்று தமிழ் எழுத்தில் அச்சேறிற்று. தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்தது 1879இல். முந்தியதை நாவல் என்று கொள்ளலாமா கூடாதா என்று ஆராய்ச்சியாளர் வழக்காடட்டும். எனக்கு அந்த வழக்கில் அக்கறையில்லை. பிரதாப முதலியாருக்கு முன்னதாகவே, இந்த உப்புக்காற்றடிக்கும் கரையில் உட்கார்ந்து ஒருவர் செப்பாலான ஒரு நகரத்தைத் தமிழில் எழுதினார் என்பதே எனக்குப் போதும்.

அந்த அமெரிக்க ஆசிரியை பின்பு 2023இல் எழுதிய நாவலில், பன்னிரண்டாம் நூற்றாண்டு இந்துசமுத்திரத்தில் கப்பலோட்டிய ஆமினா என்ற நடுவயதுத் தாய், விட்டுவந்த கடலுக்கு மறுபடி இழுக்கப்படுகிறாள். கப்பல்தலைவர் என்ற பொருளில் அவளை நகுதா என்று அழைக்கிறார்கள். மரைக்காயர்களின் கப்பல்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு அகராதி வேண்டியதில்லை. முதியோருக்கான மாயக்கதை எப்படி இருக்கவேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், இப்போது அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

கண்பார்வை மங்கிவருவதால் இனிமேல் பொடி எழுத்துப் புத்தகங்களுக்கு நான் மதிப்புரை எழுதுவது இயலாது. இந்தத் துறையில் புதிதாக எழுத வருகிற இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. தமிழ் மிகுபுனைவின் வரலாற்றைப்பற்றி நீங்கள் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் டோல்கினில் தொடங்கி ஹாரி பாட்டர் வழியாக இங்கே இறங்குகின்றன. 'தாமிரப் பட்டண'த்தைத் தேடிப் பிடித்து, பழைய நூல் என்ற தயவும் நம்மவர் நூல் என்ற பெருமிதமும் இல்லாமல், நேற்று அச்சான நாவலுக்கு எழுதுவதுபோலக் கறாராக ஒரு மதிப்புரை எழுதி, ஏதாவதொரு பத்திரிகைக்கு அனுப்புங்கள்.